சிவப்புக் கிடாரியும் ஒரு பொட்டலம் விபூதியும்

எங்கள் சபையில் ஒரு பெண் இறந்துபோனால் ஆயருக்கு அடுத்தபடி எங்கள் வீட்டுக்குத்தான் போன் வரும். இறந்தவரைக் குளிப்பாட்டி, தலை வாரி, வெள்ளைப் புடவை கட்டிப் பெட்டியில் கிடத்துவது அம்மாவின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. அம்மா பிறந்தது திருநீறு பூசும் வீட்டில். அப்பாவைக் கட்டிக்கொள்ள ஞானஸ்நானம் எடுத்தவள். பல வருஷம் எங்கள் சபைக் கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார ஒருத்தரும் வரவில்லையாம். பிறகு ஒரு சாவு வீட்டில் சொந்தக்காரர்களே கிட்டே போகத் தயங்கியபோது, அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். அன்றிலிருந்து கார் வைத்திருக்கும் அம்மாக்கள்கூட அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எனக்கு அதில் ஏகப் பெருமை.

அந்தப் பெருமையில் மண் விழுந்தது ஒரு சண்டே ஸ்கூல் வகுப்பில். பாடம் எடுத்த அக்கா அன்றைக்கு மோசே காலத்துச் சட்டம் ஒன்றைச் சொன்னாள். பிணத்தைத் தொட்டவனுக்கு ஏழு நாள் தீட்டு. நுகம் பூட்டாத, ஒரு குறையும் இல்லாத சிவப்புக் கிடாரிப் பசுவை எரித்து, அந்தச் சாம்பலை ஊற்று நீரில் கலந்து, மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் அவன்மேல் தெளிக்க வேண்டும். தெளிக்காவிட்டால் அவன் சபையிலிருந்து அறுப்புண்டு போவான். அறுப்புண்டு போவது என்றால் செத்துப்போவது என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன். அதற்குமேல் ஒன்று சொன்னாள். தெளிக்கிறவன் அதுவரை சுத்தமாக இருந்தவன்தான், ஆனால் தெளித்ததும் அவனுக்குத் தீட்டு ஒட்டிக்கொள்ளும், சாயங்காலம் வரை.

"சுத்தம் பண்றவங்களுக்கு ஏன்க்கா தீட்டு?"

"சாலமோன் ராஜாவுக்கே புரியலையாம். உனக்கு நான் இன்னான்னு சொல்றது? அதெல்லாம் யூதருங்களுக்கு, நமக்கில்ல. உக்காரு."

உட்கார்ந்தேன். ஆனால் கடவுள் ஒருவர்தானே, யூதருக்கு ஒரு கணக்கு எங்களுக்கு ஒரு கணக்கா வைத்திருப்பார் என்ற பயம் உட்காரவில்லை.

அந்த வாரமே கோபாலபுரத்தில் பாடகர் குழுப் பாட்டி ஒருவர் போய்ச் சேர்ந்தார். அம்மா போனாள். திரும்பும்போது மழையில் தொப்பலாக நனைந்து வந்தாள். மறுநாள் அவளுக்கு நெருப்பாகக் காய்ச்சல். மழையில் நனைந்த ஜுரம்தான், படுத்திருந்தால் சரியாகிவிடும் என்றார் டாக்டர். டாக்டருக்கு என்ன தெரியும், அவர் சண்டே ஸ்கூலுக்கு வந்தாரா? அம்மா தொட்ட தலையணை, டம்ளர், போர்வை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறே இறங்கவில்லை. கிடாரிக்கு மயிலாப்பூரில் எங்கே போவது? போனாலும் அதை எரிக்க விடுவார்களா?

மாடி வீட்டு மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். தினமும் நெற்றி நிறைய விபூதி பூசுவார். அது மாட்டிலிருந்து வருகிற சாம்பல் என்று எனக்குத் தெரியும். மாட்டையே எரிப்பதற்கும் சாணத்தை எரிப்பதற்கும் வித்தியாசம் உண்டுதான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று படியேறினேன்.

"அம்மாவுக்கு ஜுரம் மாமா. கொஞ்சம் விபூதி வேணும்."

மாமாவுக்குக் கண்ணெல்லாம் மலர்ந்துவிட்டது. காகிதத்தில் தாராளமாகக் கொட்டி மடித்தார். "நன்னா நெத்தியில இட்டுவிடு கொழந்தே. கார்த்தாலைக்குள்ள எறங்கிடும்."

"இது என்ன கலர் மாட்டோடது?"

"பசு பசுதான். அதுல என்ன கலர் பாத்துண்டு?"

"டீக்கடைகிட்ட நிக்குமே, அந்தச் செவலை மாடா இருக்குமா?"

"இருக்கலாம், யார் கண்டா."

அந்த 'இருக்கலாம்' எனக்குப் போதும். செவலைக்கு ஒரு கொம்பு கொஞ்சம் வளைந்திருக்கும், அதைக் கடவுள் பெரிதுபடுத்த மாட்டார் என்று நானே முடிவு செய்தேன். ஊற்று நீருக்குக் கேன் தண்ணீர். கேன்மேல் அருவிப் படம் ஒட்டியிருந்தது. தெளிக்கச் சமையலறையில் கிடந்த கறிவேப்பிலைக் கொத்து.

மூன்றாம் நாள் பிற்பகல், அம்மா கண்ணயர்ந்திருந்தபோது தெளித்தேன். பாதி தலையணைக்குப் போனது. மிச்சம் நெற்றியிலும் கழுத்திலும் விழுந்தது. ஈரமாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. இப்போது எனக்குத் தீட்டு என்பதால் யாரையும் தொடாமல் அறை வாசற்படி ஓரமாகப் போய் நின்றுகொண்டேன்.

சாயங்காலம் ஆவதற்குள் அத்தை வந்துவிட்டாள். அப்பாவின் அக்கா. அவளும் எங்கள் சபைதான். கொட்டிவாக்கத்திலிருந்து கஞ்சியோடு பஸ் மாறி வந்திருந்தாள். அப்பாவும் பின்னாலேயே வேலையிலிருந்து வந்தார். அத்தை என் கன்னத்தைத் தொட வந்தாள். நான் துள்ளி விலகினேன். "இன்னாடி, நான் பேயா?" என்றபடி அறைக்குள் போனவள் அப்படியே நின்றாள். காய்ந்த தண்ணீர் அம்மாவின் நெற்றியில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. தலைமாட்டில், நான் மறந்துவிட்டு வந்த பொட்டலம்.

"பாத்தியாடா தம்பி," என்றாள் அத்தை. சத்தம் போடவில்லை. பத்து வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

அப்பாவின் முகம் கறுத்தது. "மேல் வீட்டுக்காரர் வந்தாரா? அவர் வேலையா இது? கேட்டுட்டு வந்துடறேன்."

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியைத் தடவி விரலைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில், முதுகுக்குப் பின்னால் கையை மறைத்து நின்ற என்னைப் பார்த்தாள். என் பாவாடையெல்லாம் சாம்பல் திட்டு. எனக்கு உயிரே இல்லை. இனி ஏழாம் நாள் தெளிக்க விட மாட்டார்களே என்ற ஒரே பயம்.

"அவர ஏன் இழுக்கறீங்க," என்றாள் அம்மா. "நான்தான் கேட்டு வாங்கிப் பூசிக்கினேன்."

"நீயா?" என்றார் அப்பா.

"ஜுரத்துல பழைய பழக்கம் வந்துடுச்சு."

அத்தை கஞ்சித் தூக்கை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். அப்பா பொட்டலத்தைச் சாக்கடையில் போட்டார். ஏழாம் நாள் தெளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அன்று பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும்போதெல்லாம் அம்மா போய்விட்டாள் என்று சொல்ல யாரோ வருகிறார்கள் என்றே நினைத்தேன். வீட்டுக்கு ஓடி வந்தால் அம்மா காய்ச்சல் விட்டு எழுந்து, எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். அரைகுறையாகத் தெளித்ததே பலித்துவிட்டது.

அதற்குப் பிறகு கோயிலில் எங்கள் பெஞ்சு தாராளமாக இருந்தது. நான் காலை நீட்டிக்கூட உட்காரலாம்.

கொஞ்ச நாளில் மந்தைவெளியில் ஒரு அம்மா இறந்துவிட்டதாக அப்பா கேட்டு வந்து சொன்னார். அம்மா குளித்து, புடவை கட்டி, பையில் சோப்பும் சீப்பும் எடுத்து வைத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலை போனது. மதியம் போனது. போன் வரவே இல்லை. வேறு யாரோ போய்க் குளிப்பாட்டிவிட்டார்கள் என்று பிற்பாடு அப்பா சொன்னார். அம்மா பையிலிருந்து சோப்பை எடுத்துக் குளியலறையில் வைத்தாள். சீப்பை அலமாரியில் வைத்தாள்.

எனக்கு மனசு துள்ளியது. ஓடிப்போய் அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"இனிமே உன்னக் கூப்பிடவே மாட்டாங்களாம்மா?"

"மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன்."

"அப்பாடா," என்றேன். அம்மா என் தலையைத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். அவள் நெஞ்சு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் சிரித்தேன்.