பொட்டு வைத்த பெட்டி

என் பெயரை நான் முதன்முதலாக அச்சில் பார்த்தது என் கல்யாணப் பத்திரிகையில். இரண்டாவது முறை பார்த்தது ஓர் அவரைக்காய்ப் பெட்டியின் மேல். பத்திரிகையைப் பார்த்தபோது வெட்கம் வந்தது. பெட்டியைப் பார்த்தபோது வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. விமான நிலையச் சரக்குக் கிடங்கின் நடுவில் நின்றுகொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அதைக் காட்ட வேண்டும் போலிருந்தது.

மலேசியாவுக்குள் வெளிநாட்டுக் காய்கறி சும்மா வந்துவிடாது. காய் விளைந்த நாட்டில், இதில் பூச்சியோ நோயோ இல்லை என்று அரசாங்கச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு பெட்டியில் ஒரே வகைக் காய்தான் இருக்க வேண்டும். மேலே பளபளவென்று நாலு காயை அடுக்கிவிட்டு அடியில் சொத்தையைத் தள்ளும் சாமர்த்தியம் இங்கே செல்லாது; மேலே எப்படியோ அடியிலும் அப்படியே இருக்க வேண்டும். பெட்டியின் வெளிப்பக்கம் காயின் பெயர், தரம், எடை, எந்த நாட்டுக் காய், வரவழைப்பவர் யார் என்று ஒட்டியிருக்க வேண்டும். இத்தனை விதிகளில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி விதி. அதற்காகத்தான் நான் இவ்வளவு பாடும் பட்டேன்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எனக்கு ஒரு சின்னக் காய்கறிக் கடை இருக்கிறது. பல வருடங்களாகத் தமிழ்நாட்டுக் காயை நானே பேசி, நானே தேர்ந்தெடுத்து வரவழைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் இறக்குமதிப் பெர்மிட் என்னுடையது இல்லை. கிள்ளானில் பெரிய கிடங்கு வைத்திருக்கும் ஒரு முதலாளியுடையது. அதனால் பெட்டியில் அவர் பெயர் இருக்கும். காய் நன்றாக இருந்தால் ஜனங்கள் அவர் பெயரைச் சொல்லி, "அந்த அங்கிளோட காய் வந்திருச்சா?" என்று கேட்பார்கள். அழுகியிருந்தால் மட்டும் நேராக என்னிடம் வந்து சண்டை போடுவார்கள்.

சொந்தமாகப் பெர்மிட் எடுக்கப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று முதலாளி சிரித்தார்.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? இந்த ரூல்ஸ் எல்லாம் நீ தாங்க மாட்டேலா. ஒரு பெட்டி ஃபெயிலாகட்டும், அப்ப தெரியும். அன்னைக்கு நீயா என்கிட்ட வருவே பாரு."

அவர் சிரித்ததைக்கூட மன்னித்துவிடுவேன். 'நீயா வருவே' என்றாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என்ன ஆனாலும் அந்த வாசலை மறுபடி மிதிப்பதில்லை என்று.

பெர்மிட் கிடைத்தது. தமிழ்நாட்டில் காய் கட்டி அனுப்ப ஒருவர் கிடைத்தார். அவரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. போனில் வரும் குரல்தான். முதலில் என்னை 'மேடம்' என்றார். இரண்டு லோடு போனதும் 'தங்கச்சி' என்றார். நானும் 'அண்ணே' என்றேன். வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம், நம்மவர்களுக்கு எல்லாருமே அண்ணன்தான், அக்காதான். ஒருநாள் காயைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவர், "தங்கச்சிக்குப் பொறந்த வீடு எது?" என்று கேட்டார்.

"கிள்ளான்ண்ணே."

"அது இல்லம்மா. இங்க, நம்ம பக்கம்?"

"அங்க எனக்கு யாரும் இல்லண்ணே. எந்த ஊர்ல கப்பல் ஏறினாங்கன்னு எங்கப்பாவுக்கே தெரியாது. கூடப் பொறந்தவங்களும் இல்ல. நான் ஒரே பொண்ணு."

நான் இதைச் சோகமாகச் சொல்லவில்லை. கிள்ளான்காரி என்பதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் அவர் 'ஒரே பொண்ணா' என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அவர் அவரைக்காய் விலைக்குப் போய்விட்டார்.

பொங்கல் நெருங்கியது. பொங்கலுக்கு அவரைக்காய் இல்லாமல் குழம்பு வைக்க முடியாது என்று பிடிவாதம் பிடிக்கும் ஆட்கள் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கிறார்கள். சுபாங் ஜெயாவிலிருந்தெல்லாம் என் கடைக்கு வந்து முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போயிருந்தார்கள். என் சொந்தப் பெயரில் வரும் முதல் பொங்கல் லோடு அது. போகிக்கு முதல் நாள் காலையில் கிடங்குக்குப் போனேன்.

பரிசோதனைக்கு வந்த அதிகாரி ஒரு மலாய்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் முகத்தில் சிரிப்பே கிடையாது. வழக்கமாக ஏதோ சில பெட்டிகளைப் பொறுக்கியெடுத்துத் திறந்து பார்ப்பார்கள். இந்தப் பெண் அடுக்கைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். நேராக ஒரு பெட்டியின் முன்னால் போய் நின்றாள்.

"காக், இது என்ன? இரத்தமா?" என்று மலாயில் கேட்டாள். 'காக்' என்றால் அக்கா.

எட்டிப் பார்த்தேன். அந்த ஒரு பெட்டியில் மட்டும், என் பெயருக்குப் பக்கத்தில், சிவப்பாக ஒரு தீற்றல். குங்குமம்.

"இரத்தம் இல்லை. பொட்டு. நல்ல நாளுக்கு வைப்போம்," என்றேன்.

"பெட்டிக்கு எதற்குப் பொட்டு?"

எனக்கு மட்டும் தெரியுமா என்ன! நாடாவை அறுத்தாள். மேலே அவரைக்காய். அதன் மேல் குறுக்காக, செய்தித்தாளில் சுற்றிய ஒரு நீளமான பொட்டலம். அவள் பிரித்ததும் உள்ளே இலையும் கிழங்குமாக ஒரு மஞ்சள் கொத்து. அதன் கீழே மடித்துவைத்த ரவிக்கைத் துணி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. கிழங்கின் வேரெல்லாம் மண். அந்த மண் பொலபொலவென்று வெள்ளை மேசையில் உதிர்ந்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பொங்கல் சீர். கூடப் பிறந்தவளுக்கு அண்ணன் பொங்கலுக்கு மஞ்சளும் துணியும் கொடுத்தனுப்புவான். என் ஆயுசில் எனக்கு யாரும் அனுப்பியதில்லை, நான் எதிர்பார்த்ததும் இல்லை. நேரில் பார்க்காத ஒரு மனுஷர், எனக்கு யாரும் இல்லை என்று கேட்ட பாவத்துக்கு, சீரை அவரைக்காய்ப் பெட்டிக்குள் வைத்து விமானத்தில் ஏற்றிவிட்டார். அதற்குப் பொட்டு வேறு வைத்து, பரிசோதனைக்காரர்களுக்கு அடையாளமும் காட்டிவிட்டார்.

அப்போது எனக்கு வந்தது அழுகை இல்லை. அண்ணன் எதிரில் இருந்திருந்தால் அந்த மஞ்சள் கொத்தாலேயே நாலு போட்டிருப்பேன்.

அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். சான்றிதழில் மஞ்சள் செடி இல்லை. அதைவிட மோசம், மண். வெளிநாட்டு மண்ணில் கண்ணுக்குத் தெரியாத புழுவும் நோயும் வரும்; ஒரு கைப்பிடி போதும், இங்கே ஒரு தோட்டத்தையே சாகடித்துவிடும். இந்தப் பெட்டி எரிந்தே ஆக வேண்டும். மற்ற பெட்டிகளை நம்புவதா வேண்டாமா என்று மேலதிகாரிதான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மொத்த லோடையும் அழிக்கச் சொல்வார்.

"துணி? துணி செடி இல்லையே?" என்று கேட்டேன்.

"மண் பட்டிருக்கிறதே, காக்."

அவள் சொன்னது நியாயம்.

மேலதிகாரிக்காகக் காத்திருந்தபோது போன் அடித்தது. கிள்ளான் முதலாளி. கிடங்கில் நின்ற யாரோ அதற்குள் அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

"நான் சொன்னேன் இல்ல? சரி விடும்மா. எல்லாத்தையும் அழிச்சிருங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டு வா. பொங்கலுக்கு என் அவரைக்காயை எடுத்துக்கோ. அடுத்த லோட்ல இருந்து பழையபடி என் பெர்மிட்லயே போட்டுக்கலாம், சரியா? உனக்கு நல்லதுதான் சொல்றேன்லா."

குரலில் அவ்வளவு கனிவு. அந்தக் கனிவுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

"முதலாளி, ஒரு பெட்டிதான் தப்பு. மத்தப் பெட்டி என்ன பண்ணுச்சு? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஆபீசரை எதிர்த்துக்கிட்டா அப்புறம் நீ எப்படிம்மா தொழில் பண்ணுவே?"

"நான் ஆபீசரை எதிர்க்கல முதலாளி. உங்களத்தான் எதிர்க்கிறேன்."

போனை வைத்துவிட்டேன். என்ன ஆனாலும் ஆகட்டும், சொல்லியாகிவிட்டது.

நான் அந்த விதிகளை ஒருநாளும் பகையாக நினைத்ததில்லை. என் ஊர்த் தோட்டத்தில் புழு வரக் கூடாது என்று ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்தால் அதில் எனக்கு என்ன கோபம்? விதியைப் பூச்சாண்டி மாதிரி காட்டி, 'உன்னால் முடியாது, என் நிழலில் நில்' என்கிறார்களே, அவர்களோடுதான் எனக்குச் சண்டை.

மேலதிகாரி வந்தார். வயதானவர், களைத்த முகம். எனக்குத் தெரிந்த மலாயில் நேராகச் சொன்னேன். "பெட்டி என்னுடையது, பெயர் என்னுடையது, தப்பை மறுக்கவில்லை. ஆனால் மற்ற பெட்டிகளைத் திறக்காமலே அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் உங்கள் கண்ணெதிரே நானே அடிவரை கொட்டிக் காட்டுகிறேன்."

அவர் அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எல்லாப் பெட்டியுமா?"

"எல்லாம்."

"இன்னும் ஒரு துளி மண் கிடைத்தாலும் மொத்தமும் போய்விடும். உங்கள் பெர்மிட்டையும் நான் யோசிக்க வேண்டியிருக்கும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த ஒரு வார்த்தையில் என் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். போன் போட்டதும் சீருடையோடு ஓடிவந்தார். நாங்கள் இருவரும் பெட்டி பெட்டியாகத் திறந்து மேசையில் கொட்டினோம். அந்தப் பெண் கையுறையோடு காயைக் கிளறிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளைக்கு வேட்டி கீட்டி வச்சிருப்பாரோ உங்க அண்ணன்?" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் முறைத்த முறைப்பில் அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் எனக்கும் அந்தப் பயம்தான்.

பாதி தாண்டியதும் ஒரு பெட்டியின் அடியில் கறுப்பாக என்னவோ தெரிந்தது. அந்தப் பெண் அதை இடுக்கியால் எடுத்தாள். விளக்கடியில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்; கல்யாணத்துக்குப் பிறகு பொது இடத்தில் அவர் அப்படிப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"காய்ந்த பூ," என்றாள். "மண் இல்லை."

கடைசிப் பெட்டியும் முடிந்தபோது சாயங்காலம். அந்தப் பெண் தன் மேலதிகாரியிடம் ஒன்று சொன்னாள், அது என் காதிலும் விழுந்தது: எல்லாப் பெட்டியிலும் மேலே இருந்த காயும் அடியில் இருந்த காயும் ஒரே தரம். அண்ணன்மேல் எனக்கு இருந்த கோபத்தில் கொஞ்சம் அங்கேயே கரைந்துவிட்டது. அவர் முட்டாள்தனம் பண்ணியிருக்கிறார், ஆனால் ஒரு சொத்தைக் காயை மறைக்கவில்லை.

லோடு விடுதலையானது. பொட்டு வைத்த பெட்டி மட்டும் சூளைக்குப் போனது. நான் கூடவே நின்று பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. பெட்டி, காய், மஞ்சள், துணி எல்லாம் ஒன்றாக எரிந்தன. மஞ்சள் வாசம் கொஞ்ச நேரம் வந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாழ்க்கையில் எனக்கு வந்த முதல் சீர் அது, அதை நான் கையால்கூடத் தொடவில்லை. அந்தப் பெண் என் பக்கம் திரும்பாமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் அவரைக்காய் முழுக்க விற்றுப்போனது. பொங்கலன்று காலை அண்ணன் போன் பண்ணினார்.

"சீர் வந்துச்சா தங்கச்சி?" குரலில் அவ்வளவு சந்தோஷம்.

எப்படியெல்லாம் திட்ட வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வந்தது என்று பொய் சொல்லிவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"எரிச்சிட்டாங்கண்ணே."

நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பதறிப்போனார். "ஐயோ, தெரியாமப் பண்ணிட்டேன்ம்மா. அண்ணனா ஒண்ணு செய்யணும்னு நெனச்சேன், அது இப்படி ஆயிப்போச்சே."

"இனிமே பெட்டியில மண்ணும் வேணாம், மஞ்சளும் வேணாம், பொட்டும் வேணாம். உங்களுக்கு எனக்குச் சீர் செய்யணும், அவ்வளவுதானே?"

"ஆமாம்மா."

"அப்ப ஒட்டுற லேபிள்ல என் பேரை நல்லாப் பெரிசாப் போட்டு அனுப்புங்க. அதுதான் எனக்குச் சீர்."

அடுத்த லோடு வந்தது. முன்பு நடந்ததால் இப்போது என் பெட்டிகள் எல்லாவற்றையும் திறந்துதான் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். அதே பெண்தான் வந்தாள். அடுக்கைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு பெட்டியிலும் காயின் பெயரைவிட, நாட்டின் பெயரைவிடப் பெரிதாக, பஸ்ஸுக்குப் பலகை எழுதியது மாதிரி என் பெயர்.

"இவ்வளவு பெரிதாகவா, காக்?" என்றாள். முதல்முறையாகச் சிரித்தாள்.

"எழுத்து ரொம்பச் சிறியதாக இருக்கக் கூடாது என்றுதானே விதி? பெரியதாக இருக்கக் கூடாது என்று எங்காவது இருக்கிறதா?"

அவள் யோசித்துப் பார்த்துவிட்டு இல்லை என்றாள். பெட்டிகளைத் திறந்தாள், கிளறினாள், எல்லாம் சரி என்று விட்டுவிட்டாள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் பெட்டிகளை இறக்கும்போது எதிர்க் கடைக்கு முதலாளியின் லோரி வந்து நின்றது. லோரியின் முன்சீட்டில் அவரே உட்கார்ந்திருந்தார். நான் அவசரப்படவில்லை. பெட்டிகளைக் கடைவாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன், பெயர் தெருவைப் பார்த்து இருக்கும்படி. பிறகு உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தை எடுத்துவந்து, மேல் பெட்டியில் என் பெயருக்குப் பக்கத்தில் நானே ஒரு பொட்டு வைத்தேன்.