மரியாதைக்குச் சொன்ன ‘நீங்க’

பால்காரம்மா புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, நிலத்துக்காரரான முதலாளி வாசலில் நின்றபடியே ஒரு குவளை வாங்கிக் குடித்துவிட்டு, அவரையும் மகள்களையும் பார்த்து, “நல்லா மேடாக்கிட்டீங்களே” என்று சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் அடுத்த தெருக்காரன். ஒரு வக்கீலிடம் கிராணியாக, குமாஸ்தா வேலை பார்த்தேன்.

ஆற்றோரத்தில் முழங்கால் புதையும் சேறாகக் கிடந்த இடம் அது. பால்காரம்மா புருஷனை இழந்தவர். அவரையும் இரண்டு மகள்களையும் நிற்க வைத்து, “மண்ணு கொட்டி வீடு கட்டுங்க. நீங்க இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் இங்கருந்து எழுப்ப மாட்டாங்க” என்று சொன்னவர் முதலாளிதான். அந்த வாக்கை நம்பி, கிள்ளானில் தம்பி தருகிறேன் என்ற இடத்தைக்கூட அம்மா வேண்டாமென்றார். மூவரும் கூடை கூடையாகச் செம்மண் சுமந்தார்கள். முதலாளி போகும்போதும் வரும்போதும் அதை நின்று பார்த்தார். ஒரு நாளும் தடுக்கவில்லை.

பக்கத்தில் சாலை வந்ததும் நிலத்துக்கு மவுசு வந்தது. காலி செய்யச் சொன்னார். பால்காரம்மாவின் வழக்கு எங்கள் வக்கீலிடம் வந்தது. தன் வாக்கை நம்பி இன்னொருவர் பாடுபடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பிறகு ‘நிலம் என் பெயரில்தானே’ என்று புரள நியாயம் இடம்கொடுக்காது என்று எங்கள் வக்கீல் வாதாடினார். வெள்ளைக்கார நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் ஒன்று கேட்டார்: ‘நீங்க’ என்றது ஒருவரையா, மூவரையுமா?

“மரியாதைக்குச் சொன்னதுங்க. அந்தம்மா ஒருத்தரைத்தான்,” என்றார் முதலாளி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாழ்நாளில் அந்தப் பெண்ணை ‘ஏய்’ என்பதைத் தவிர வேறெப்படியும் அழைத்தறியாத வாய் அது.

“காலையில வாசல்ல பார்த்தப்பகூட ‘என்னடி’ன்னுதானே கேட்டீங்க?” என்றார் பால்காரம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

பேசக்கூடாது என்று அதட்டினார்கள். மொழிபெயர்ப்பாளர் அந்த வார்த்தையை ஆங்கிலத்தில் சொல்லவே இல்லை. எங்கள் வக்கீல் எழுந்து எடுத்துச் சொல்லியும், அது சாட்சியம் ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

‘நீங்க’ என்றது ஒருவரைத்தான் என்று கொண்டு, அம்மா உயிரோடிருக்கும்வரை முதலாளி அவரை எழுப்ப முடியாது என்று தீர்ப்பாயிற்று. ஜெயித்துவிட்டதாக எல்லோரும் கைகுலுக்கினார்கள். அம்மா என்னைத் தனியாக அழைத்து, “தம்பி, என் பிள்ளைங்க?” என்றார்.

“உங்க காலம் வரைக்கும்தான்மா.”

“மண்ணு சுமந்தது அவங்களும்தானேப்பா.”

அவர் சில வருடங்கள் இருந்தார். கருமாதிகூட முடியவில்லை, முதலாளியின் ஆட்கள் வந்து அத்தாப்பு ஓலைக் கூரையைப் பிரித்தார்கள். மகள்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு கிள்ளானுக்கு, மாமன் வீட்டுக்கு நடந்தார்கள். “சட்டப்படி தப்பில்லை,” என்றார் எங்கள் வக்கீல், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்று அங்கே மாடிக் கடைகள் நிற்கின்றன. அடியில் இருப்பது அந்தப் பெண்கள் தலையில் சுமந்த மண். அந்தப் பக்கம் போனால் எனக்கு இன்னும் ஆறுவதில்லை, ஆறவும் வேண்டாம்.