மச்சானுக்கு மாட்டிவிட்ட ஹெல்மெட்

லோவெல் ஹென்ஸ்லி மரம் அறுக்கும் ஆலையில் லாரி ஓட்டுகிறவர். அவருடைய அம்மா டாக்கெட் குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் மலைக்கு இந்தப் பக்கம் கென்டக்கியில் இருந்தார்கள், மீதிப் பேர் அந்தப் பக்கம் டென்னசியில். கல்யாணமோ சாவோ, மலையைக் குடைந்த சுரங்கச்சாலையைத் தாண்டித்தான் போய்வர வேண்டும். டென்னசியில் ஹெல்மெட் இல்லாமல் மோட்டார்சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். கென்டக்கியில் இருபத்தொரு வயசு தாண்டியவர்களைக் கேட்பாரில்லை. அதனால் திரும்பி வருகிறபோது சுரங்கம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்சீட்டில் கட்டிவிட்டு, தலையில் காற்றுப்பட வீட்டுக்குப் போவார்கள். அப்பன் செய்தான், பிள்ளையும் செய்கிறான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோவெலும், அவர் மனைவி ஆர்லீனின் தம்பி வெர்னனும் சுரங்கம் தாண்டி ஆளுக்கொரு மோட்டார்சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். சர்ச் வாசலிலிருந்து பார்க்காமல் ரிவர்ஸில் ரோட்டுக்கு வந்த ஒரு பிக்கப் வண்டி, லோவெலை அடித்துத் தள்ளியது. ஓட்டியவள் வேறு யாருமில்லை, அவருடைய சித்தியின் மருமகள் ட்வைலா. லோவெலுக்குத் தொடை எலும்பு இரண்டாகப் போயிற்று. வலியில் நினைவும் தப்பிவிட்டது.

சொந்தக்காரர் மேல் கேஸ் போடுவது அந்த மலையில் பெரிய தலைக்குனிவு. லோவெல் வாயைத் திறக்கவில்லை. ட்வைலாதான் பீன்ஸும் சோளரொட்டியும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

"அத்தான், நீங்க நஷ்டஈடு கேக்கப்போறது என்கிட்ட இல்ல, இன்சூரன்ஸ்காரன்கிட்ட. வருசாவருசம் அவனுக்குக் கொட்டி அழுறேனே, சும்மாவா? கேளுங்க."

கேட்டார்கள். காலுக்கு இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தது. வேலைக்குப் போகாததால் வீட்டுக் கடனும் கழுத்தை நெரித்தது. கம்பெனி கொடுத்தால்தான் இரண்டுக்கும் வழி. கம்பெனியோ, ஹெல்மெட் போட்டிருந்தாரா என்பதையே பிடித்துத் தொங்கியது. போடாதவர் என்றால் அவர் மேலும் தப்பு உண்டு என்று தொகையைக் குறைக்கப் பார்த்தது. ஆனால் ஆம்புலன்ஸ்காரர்கள் தலையில் ஹெல்மெட் இருந்ததாகவே எழுதியிருந்தார்கள். லோவெலுக்குச் சுரங்கத்துக்கு அப்புறம் ஒன்றும் நினைவில்லை. அன்றைக்கு மட்டும் கழற்ற மறந்திருப்பேன் போல என்று கம்பெனியிடமும் தன் வக்கீலம்மா புரூயிட்டிடமும் சொல்லிவைத்தார்.

சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுக்கிற நாள் வந்தது. வக்கீல் ஆபீஸ் வாசலில் ஆர்லீன் காரை நிறுத்தியதும், பின்சீட்டிலிருந்த வெர்னன் இறங்கவில்லை. முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே சொன்னான்.

"மச்சான், நீங்க ஹெல்மெட் போடல. நான்தான் ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உங்க பின்சீட்டுல கட்டியிருந்தத அவுத்து உங்க தலையில மாட்டிவிட்டேன். காசு குறைச்சிடுவானேன்னு பயந்துட்டேன்."

ஆர்லீன் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "உன்னப் பெத்த அன்னைக்கே அம்மா உனக்கும் ஒரு ஹெல்மெட்ட மாட்டியிருக்கணும்டா. மூளை கீழ விழாம உள்ள கொஞ்சமாச்சும் தங்கியிருக்கும்."

லோவெல் கோபப்படவில்லை. பைபிளில் கை வைத்துப் பொய் சொல்ல அவரால் ஆகாது. உண்மையைச் சொன்னாலோ, இதுவரை சொன்னதெல்லாம் பொய் என்று கம்பெனி கேஸையே தூக்கி எறியும். ஊன்றுகோலை எடுத்து, வெர்னனையும் கூட்டிக்கொண்டு நேராகப் புரூயிட்டின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார். வீடு போனாலும் போகட்டும், பொய் சொல்ல மாட்டேன் என்றார்.

புரூயிட் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வெர்னனைப் பார்த்துத்தான் முதலில் பேசினாள்.

"அடிபட்டவன் கழுத்தத் தூக்கி ஹெல்மெட் மாட்டுனியா? ஒரு எலும்பு பிசகியிருந்தா உன் மச்சான் இன்னைக்குக் கழுத்துக்குக் கீழ அசைவில்லாமக் கெடப்பார். தெரியுமா உனக்கு?"

ஆஸ்பத்திரியில் தலையைப் படமெடுத்தார்களே, என்ன வந்தது என்று அவள் லோவெலைக் கேட்டாள். ஒன்றுமில்லை, கீறல்கூட இல்லை என்றார்.

"அப்புறம் என்னங்க? ஹெல்மெட்ட காலிலயா மாட்டுவாங்க? ஒடிஞ்சது தொடை. போடணும்னு இங்க சட்டமும் இல்ல. அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நாமளே திருத்திச் சொல்லிருவோம். நீங்க தெரிஞ்சு பொய் சொல்லலியே."

அப்படியே சொன்னார். கம்பெனி வக்கீல் வெர்னனை உட்காரவைத்துக் குடைந்தான். வெர்னன் வியர்த்து வழிந்தபடி, தான் செய்த மடத்தனத்தை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். மச்சானுக்குத் தெரியவே தெரியாது என்பதையும் அழுத்திச் சொன்னான். தலையில் காயமில்லாதவரிடம் ஹெல்மெட்டைப் பற்றி மேலே கேட்க அந்த வக்கீலுக்கு ஒன்றும் மிச்சமில்லை. நவம்பர் முடிவதற்குள் கம்பெனி இறங்கிவந்தது. ஆபரேஷனுக்கும் வீட்டுக்கும் போதுமான தொகை.

சேதி வந்த அன்று லோவெல் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். சுளுக்கா என்று ஆர்லீன் கேட்டாள்.

"இல்ல. திரும்புதான்னு பாத்தேன்" என்றார்.