பெயர் கேட்காத மென்பொருள்

என் மடிக்கணினியில் கடிதம் எழுதும் மென்பொருள் காலாவதியாகிவிட்டது. மகளின் தமிழ்ப் பள்ளியில் கணினி பார்க்கும் குமார் அண்ணை, வேறொன்றின் பெயரையும் இணைய முகவரியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார்.

"உலகம் முழுக்க ஆக்கள் சேர்ந்து செய்தது, தங்கச்சி. காசும் இல்லை, பேரும் கேக்காது."

எனக்கு அதுதான் இடித்தது. நாங்கள் இருக்கும் சுவிஸின் வில் நகரில் தபாலில் பொதி எடுக்கவும் அவுஸ்வைஸ், அதாவது அடையாள அட்டை, காட்ட வேண்டும். ஒன்றுமே கேட்காதவர்களை எப்படி நம்புவது? அவரிடம் கேட்கக் கூச்சம். துண்டிலிருந்த முகவரியை விட்டுவிட்டு, பெயரை மட்டும் இணையத்தில் தேடினேன். முதலில் வந்த பக்கம் அவுஸ்வைஸின் இருபக்கப் படமும் கேட்டது. ஒழுங்கான இடம்தான் என்று மனம் ஆறியது.

படம் மங்கலாக விழுந்ததால், எப்படி எடுப்பதென்று கேட்க அண்ணைக்குத் தொலைபேசினேன்.

"அவுஸ்வைஸோ? ஐயோ, அனுப்பிப் போடாதேங்கோ! அது கள்ளப் பக்கம். உங்கட பேரிலை என்னவும் செய்வாங்கள்."

அனுப்பாமலே அந்தப் பக்கத்தை மூடினேன். "நான் உங்களையெல்லோ சந்தேகப்பட்டனான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "தாராளமாப் படுங்கோ. நான் தந்த மென்பொருளுக்கு உள்ளுக்கை என்ன இருக்கெண்டு ஆரும் பார்க்கலாம். அதுக்குத்தான் திறந்து வைச்சிருக்கினம்."

இப்போது துண்டைப் பார்த்து எழுத்தெழுத்தாகத்தான் முகவரியை அடிக்கிறேன். சந்தேகம் இன்னும் போகவில்லை. ஆனால் யாராவது அவுஸ்வைஸ் கேட்டால், எடுப்பதற்கு முன் "எதற்கு?" என்று கேட்கிறேன்.