ரத்தத்திலும் ஒரு பங்கு

கண்ணாடி விளிம்பு விரலைக் கீறியதும் கடைக்காரர் அதைச் சட்டென்று வாய்க்குள் வைத்துக்கொள்கிறார். துடைக்கத் துணி பக்கத்திலேயே கிடக்கிறது, மனசு வராது. "வீணாப் போகலாமா? இது ஒரு உசுருக்கு ஆகும்," என்பார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பது அவர் தொழில். தெருவில் விசாரித்தால் 'ஓ நெகட்டிவ் கடை' என்றுதான் வழி காட்டுவார்கள்.

அபூர்வமான ரத்த வகை. நிவாரணச் சங்கத்தின் ரத்த வங்கியில் அவசரம் என்றால் முதல் போன் அவருக்குத்தான். வெள்ளம் வந்தால் சங்கத்துக்காரர்கள் மற்றவர்களிடம் போர்வை கேட்பார்கள், படகு கேட்பார்கள். இவரிடம் கையை மட்டும் நீட்டச் சொல்வார்கள். அந்தப் பெருமைக்காகவே சிகரெட்டை விட்டுவிட்டு, கீரையைக் கட்டிக்கொண்டு அழுகிறார். "எனக்குக் காய்ச்சல்னா திரும்பிப் பாக்க மாட்டாரு. அவரு தும்மினா வீடே நடுங்கணும்," என்பது மனைவியின் புகார்.

எல்லாம் தம்பி சங்கத்து முகாமில் சும்மா வகை பார்க்க விரலை நீட்டும்வரைதான். அவனுக்கும் அதே வகை. ஒரு வயிற்றுப் பிள்ளைகளுக்கு அப்படி அமைவதில் அதிசயம் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அண்ணனுக்கு வயிறு எரிந்தது. வீட்டைப் பிரித்தபோது தெருப் பக்கம் தம்பிக்குப் போனது. அப்போதுகூட வாய் திறக்காதவர் இவர்.

"வீட்டுல பங்கு, சரி. கடைசியில இதுலயும் வந்து நின்னுட்டான் பாரு," என்று பொருமினார்.

"பங்காளிக் காய்ச்சலுக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் மருந்து கிடையாது," என்றாள் மனைவி.

போன வாரம், மதியச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்கு வந்திருந்த நேரம், வங்கியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். "அண்ணே, பிரசவமான பொண்ணு, ரத்தப்போக்கு நிக்கல. நீங்க போன மாசம்தான் குடுத்தீங்க, மூணு மாசம் ஆகாம உங்ககிட்ட எடுக்க முடியாது. உங்க தம்பி போன எடுக்கல. கொஞ்சம் கூட்டிட்டு வரீங்களா?"

'அவன் ஊர்ல இல்ல' என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் குறட்டை நன்றாகவே கேட்டது. "கூட்டிட்டு வரேன்," என்று போனை வைத்தார். பிறகு போய்க் கதவைத் தட்டினார்.

"எந்திரிடா. சட்டையப் போடு."

ஊசியைக் கண்டதும் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, கையப் புடிச்சுக்கோயேன்," என்றான். பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே, பை நிரம்புவதைக் கண் கொட்டாமல் பார்த்தார். தமக்கு வழக்கமாக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"உங்க தம்பிக்கு நல்லா வேகமா வருதுண்ணே," என்றாள் நர்ஸ், கள்ளங்கபடம் இல்லாமல்.

கையை விட்டுவிட்டார். பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் ஏறிப் படுத்தார்.

"அண்ணே, உங்களுக்கு இன்னும் நாள் இருக்குண்ணே."

 சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை நீட்டினார்.