மேடையைப் பார்த்துப் போட்ட களம்

பூந்தமல்லிப் பக்கம் உள்ள பெரிய உள்ளரங்கில் எனக்குத் தரை வேலை. கச்சேரி என்றால் நாற்காலி போடுவோம். விளையாட்டு என்றால் மேட் விரிப்போம். சமயத்தில் இரண்டும் ஒரே நாளில் வரும்.

அன்று காலை பெண்கள் கபடித் தேர்வு. மாலை கச்சேரி. மேடையை முந்தின நாளே கட்டிவிட்டார்கள். தேர்வுக்கு வந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. அடுத்த வருடம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் அவளுக்கு வேறு வாய்ப்பு இல்லை.

கிளம்பும்போதே சொன்னேன். "அங்க என்னைக் கண்டுக்காத. நீ ஆட வர்ற புள்ள. நான் வேலைல கீறேன்."

"இன்னாம்மா நீ" என்றாள். அவ்வளவுதான்.

மேட் என்பது ஓரத்தில் பல் வைத்த சதுரத் துண்டுகள். ஒன்றோடு ஒன்றைக் கோத்துத் தட்ட வேண்டும். வேகமாகவே முடித்தோம். தேர்வு நடத்தும் மாஸ்டர் வந்தார். தலையில் கை வைத்தார்.

"இன்னாம்மா, களத்தை மேடையப் பாத்து நீட்டி வெச்சிகீறீங்க?"

உண்மைதான். நாற்காலியை மேடையைப் பார்த்தே போட்டுப் பழகிய கை. கடைசிக் கோட்டுக்குப் பக்கத்திலேயே மேடையின் இரும்புக்கால் நின்றது.

"உளுந்தா மண்ட பொளக்கும். ஆட உட மாட்டேன். மதியம் கச்சேரிக்காரங்க வந்துடுவாங்க. இனிமே அடுத்த வருஷந்தான்."

குனிந்து ஓரத் துண்டைப் பிடுங்கினேன். என்னோடு வேலை செய்யும் பெண்களும் பிடுங்கினார்கள். எங்கள் கை மட்டும் போதாது என்று தெரியும்.

"யம்மா! தள்ளு. அந்தப் பக்கம் புடி."

என் மகள். அரங்கம் முழுக்கக் கேட்டது.

"உங்கம்மாவாடி? சொல்லவேயில்ல?" என்றாள் கூட வந்த பெண்.

"நீ கேக்கவேயில்ல. வா, தூக்கு."

ஆட வந்த அத்தனை பெண்களும் இறங்கிவிட்டார்கள். "யக்கா, மேட்டு மேலயே இந்தப் பாய்ச்சல் பாயுதுங்களே, ஆளு கெடச்சா உடுவாளுங்களா?" என்றாள் என்னோடு வேலை செய்பவள். மாஸ்டரும் விசிலைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு மண்டி போட்டுத் தட்டினார். களம் மேடைக்குக் குறுக்கே திரும்பியது.

மகள் கபடி பாடி எதிரணிப் பக்கம் போனாள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். அடுத்த முறை பிடிபட்டாள். எழுந்து மறுபடி போனாள். நான் துடைப்பத்தோடு ஓரமாக நின்று பார்த்தேன்.

முடிந்ததும் மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். "திங்கக்கெழம பயிற்சிக்கு வந்துடு. முடிய இறுக்கிக் கட்டிகினு வா."

மேட்டைப் பிரித்து அடுக்கினோம். நாற்காலிகள் வந்தன. மகள் ஓர் அடுக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எந்தப் பக்கம் பாத்தும்மா போடணும்?"

சிரித்துவிட்டேன்.