சித்தப்பாவின் வேட்டி

அய்யா இறந்தபோது, அவர் கூடப்பிறந்த தம்பி, செங்கோட்டைச் சித்தப்பா காய்ச்சல் என்று சொல்லி வரவில்லை. தென்காசியில் பாடை தூக்கியவர்கள் என் கூட்டாளிகள் மாடசாமியும் காதரும்தான். பதினாறு நாளும் என்னைத் தனியே விடாமல் எங்கள் வீட்டிலேயே படுத்தார்கள்.

அய்யாவைத் தூக்கிய அன்று சித்தப்பா குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்தாராம். காய்ச்சலுக்கு நல்ல மருந்து. அடுத்த முறை அவர் அருவியில் நின்றபோது, பாறைமேல் வைத்திருந்த வேட்டியைத் தூக்க ஏறினேன். கோவணத்தோடு ஊர் போகட்டும் என்று ஆசை. பாசி வழுக்கியது. விழுவதற்குள், மாடசாமியோடு பின்னால் ஏறி வந்த காதர் என் முடியைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"ஏலே, ஒங்கய்யாவத் தூக்குன தோளு இன்னும் வலிக்கி. ஒன்னையும் தூக்கணுமாலே?" என்றான் மாடசாமி.

இப்போது நான் பாறை ஏறுவதில்லை. சித்தப்பா வீட்டு விசேஷங்களுக்கு இருவரையும் கூட்டிப்போகிறேன். அவர் எதிரிலேயே, "எங்கய்யாவத் தூக்குனவங்க" என்று எல்லாருக்கும் சொல்லி, முதல் பந்தியில் உட்கார வைக்கிறேன். சித்தப்பாவுக்குத்தான் சோறு இறங்குவதில்லை.